ப்ளவுஸைக் கெடுக்காத ரோல்-ஆன்

கரும்பலகையில் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். பென்சீன் வளையம் வரைவதற்குள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் உங்கள் ப்ளவுஸின் அக்குள் ஈரத்தை நிதானமாகப் பார்த்துவிடுவார்கள். ஏப்ரல் மாதத் திருச்சியில், அதுவும் மேல்மாடி வகுப்பில், வியர்க்காமல் பாடம் நடத்துகிற ஆசிரியை யாரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் ஏதோ ஒரு ரோல்-ஆனோ ஸ்ப்ரேயோ இருக்கும். கூடவே எல்லோரிடமும் அக்குளில் மஞ்சள் பாய்ந்த ஒரு நல்ல ப்ளவுஸும் இருக்கும். வேதியியல் டீச்சர் என்பதால் என்னிடம்தான் வந்து கேட்பார்கள்: “எது வாங்கினா துணி கெடாது?”

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு நாற்றம் பிரச்சினையா, ஈரம் பிரச்சினையா?

கடையில் டியோடரண்ட், ஆன்டிபெர்ஸ்பிரண்ட் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, டப்பாவும் ஒரே அளவு. ஆனால் வேலை வேறு. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்குப் பெரிதாக வாசம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. டியோடரண்ட் அந்த பாக்டீரியாவை மட்டுப்படுத்தும், மேலே வாசனையைப் பூசும், அவ்வளவுதான். வியர்வையை நிறுத்தாது. ஆன்டிபெர்ஸ்பிரண்ட் வியர்வையையே குறைப்பது. எது எது என்று தெரிய, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். அலுமினியம் குளோரோஹைட்ரேட், அலுமினியம் சிர்கோனியம் என்று ஏதாவது இருந்தால் அது வியர்வையைக் குறைக்கிற சரக்கு. நம் ஊரில் ‘டியோ’ என்று வாங்கும் ஸ்ப்ரேக்களில் பல வெறும் வாசனைதான். நாற்றம் மட்டுமே கவலை என்றால் அதுவே போதும். மஞ்சள் கறைக்கு முக்கியக் காரணமான அலுமினியம் அதில் இல்லை, துணியும் பிழைக்கும். பாதிப் பேருக்கு இந்தப் பதிலோடு வேலை முடிந்துவிடும்.

மீதிப் பேர் என்னைப் போல. ஈரம்தான் பிரச்சினை.

அலுமினிய உப்பு வியர்வையில் கரைந்து, சுரப்பியின் வாயில் கூழ் போலத் திரண்டு, தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. லேபில் அலுமினிய உப்புக் கரைசலில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு விட்டால் வெள்ளையாக, வழவழவென்று ஒரு வீழ்படிவு வருமே, ஏறக்குறைய அதே சங்கதிதான். தோலில் அது செய்கிற காரியம் நமக்கு வேண்டும். அதே காரியத்தைத் துணியிலும் செய்தால்தான் வம்பு.

எங்கள் தெரு டெய்லர் ஒருமுறை என் ப்ளவுஸைப் பிரித்துக் காட்டினார். “டீச்சர், துணி நல்லாத்தான் இருக்கு. கம்புக்கூட்டுல மட்டும் அட்டை மாதிரி வெறச்சுப் போச்சு பாருங்க.” வெளிர் சந்தன நிற டூ பை டூ. தையலைப் பிரித்து விரித்ததும் கை சேருகிற இடத்தில் மட்டும் ஒரு முட்டை வடிவ மஞ்சள். ஓரம் அடர்த்தி, நடு வெளுப்பு. விரலால் மடித்தால் மடிந்த கோடு அப்படியே நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மற்ற இடத்தில் சட்டென்று உறிஞ்சிய துணி, அங்கே மட்டும் சொட்டை முத்தாக நிறுத்திவைத்தது.

அந்தச் சொட்டுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. அலுமினிய உப்பும் சோப்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத அலுமினிய சோப் உண்டாகும். அந்தக் காலத்தில் துணியை மழைக்கு ஒட்டாமல் செய்யப் படிகாரத்தையும் சோப்பையும்தான் மாற்றி மாற்றி ஏற்றுவார்கள். நாமும் தினம் ரோல்-ஆன் தடவி, சாயங்காலம் பார் சோப்பை அந்த இடத்திலேயே அழுத்தித் தேய்த்து, அதையே செய்துகொண்டிருக்கிறோம். போர் தண்ணீரின் உப்பும் தன் பங்குக்குச் சேரும். மஞ்சள் நிறம், வியர்வையில் இருக்கும் புரதமும் தோலின் எண்ணெயும் அலுமினியத்தோடு சேர்ந்து நூலில் பிடிப்பதால் வருவது. பிடித்தால் விடாது என்பதில் ஆச்சரியம் இல்லை. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பைப் பருத்தியில் நிற்கவைத்ததே படிகாரம்தான்; அதுவும் ஓர் அலுமினிய உப்பு. நிறத்தையும் நூலையும் கட்டிப்போடுவதில் அலுமினியத்துக்கு அனுபவம் அதிகம்.

இங்கே ஓர் உபரிச் செய்தி. ‘கெமிக்கல் இல்லை’ என்று விற்கிற பளிங்குக் கல் டியோடரண்டும் பெரும்பாலும் படிகாரம்தான், சலூனில் ஷேவிங் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே அதே கல். அலுமினியத்துக்குப் பயந்து அதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பயத்தையும் சிலர் கிளப்புவார்கள். ஆய்வுகளில் அப்படித் தெளிவான தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தடவுவது நல்லது.

சரி, எதை வாங்குவது? முதலில் இரண்டு கறைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கறுப்பு ப்ளவுஸில் வெள்ளைக் கோடு விழுவது, காயாத பூச்சும் மெழுகும் ஒட்டுவதால், துவைத்தால் போய்விடும். வெள்ளையில் மஞ்சள் ஏறுவது, பல வாரம் சேர்ந்து வருவது, லேசில் போகாது. கெட்டியான ஸ்டிக் வகைதான் வெள்ளைக் கோட்டுக்கு முதல் குற்றவாளி. ‘இன்விசிபிள்’ என்று போட்டிருப்பவற்றில் பூச்சின் வெள்ளை வெளியே தெரியாமல் இருக்க எண்ணெய்ப் பசை சேர்த்திருப்பார்கள். கறுப்புத் துணிக்கு அது நல்லது. மஞ்சள் வராது என்பதற்கு அந்தச் சொல்லை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோல்-ஆன் மெதுவாகக் காயும். காய்வதற்குள் உடுத்தினால் பாதி துணிக்குத்தான் போகும். ஸ்ப்ரே மெல்லியதாகப் படிந்து சீக்கிரம் காயும், ஆனால் அதில் ஆல்கஹால் இருந்தால் சாயம் இளகுகிற துணிக்கு ஆகாது. எப்போதும் தோலில்தான் அடிக்க வேண்டும். உடுத்திய பிறகு ப்ளவுஸ் மேல் அடிக்கிறவர்களை எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே பார்க்கிறேன், சொன்னாலும் கேட்பதில்லை.

மெடிக்கல் ஷாப்பில், அதிகமாக வியர்க்கிறவர்களுக்கென்று, அலுமினியம் குளோரைடு கரைசல் கிடைக்கும். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தண்ணீர் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். தோல் எரியும், துணியும் நைந்துபோகும். டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். இது புதிய பிரச்சினையும் இல்லை. 1912இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் எட்னா மர்ஃபி என்ற இளம்பெண் ‘ஓடரோனோ’ என்ற மருந்தை விற்றார். அறுவைச் சிகிச்சையில் கை வியர்க்காமல் இருக்க அவருடைய அப்பா, ஒரு டாக்டர், தயாரித்தது. சிவப்பு நிறம், உள்ளே அமிலம். தடவிக்கொண்ட பெண்களின் உடையில் கறை, சிலருக்கு ஓட்டையே விழுந்தது. 1941இல் ஜூல் மாண்டெனியே என்பவர் நைட்ரைல் என்ற வகைச் சேர்மத்தைச் சேர்த்து அமிலத்தின் கடுமையைக் குறைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைய சரக்குகள் எவ்வளவோ சாது. ஆனாலும் அமிலக் குணம் போய்விடவில்லை. நான் வாங்கும் ரோல்-ஆனை ஈரமான நீல லிட்மஸ் தாளில் உருட்டிப் பார்த்தேன். உருண்டை போன தடம் மட்டும் சிவந்தது.

என் கணக்கில் பிராண்டைவிட நேரம் முக்கியம். ராத்திரி படுக்கப்போகும்போது, கழுவி நன்றாகத் துடைத்துக் காய்ந்த தோலில், மெல்லிசாக ஒரு தடவை. இரவில் வியர்வை குறைவு, உப்பு உள்ளே போய் அடைப்பதற்கு நேரம் கிடைக்கும். காலையில் குளித்தாலும் அந்த அடைப்பு போகாது. மேலே மிஞ்சிய பூச்சு மட்டும் கழுவிப் போகும். துணிக்கு ஒட்டுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. காலையில் குளித்துவிட்டு அவசரமாக ஈரத்தோடு தடவி, அதன்மேல் பவுடரும் கொட்டி, பஸ்ஸுக்கு ஓடுவது ப்ளவுஸுக்குக் குழைத்துப் பூசுவதற்குச் சமம். மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவர்கள் அக்குளையும் கவனியுங்கள். சோப்பு பட்டதும் அந்தக் கறை சிவக்கிறதா? அப்படியென்றால் அது மஞ்சள் தூள், ரோல்-ஆன் மேல் பழி போடாதீர்கள்.

பட்டு விஷயத்தில் நான் கறார். கல்யாணத்துக்குப் போகிற அன்று காலையில் எதுவும் தடவுவதில்லை, முந்தைய இரவோடு சரி. பட்டும் புரதம்தான். வியர்வை உப்பும் அமிலமும் தங்கினால் நூலே பலவீனமாகி, கை சேருகிற இடத்தில் கீறிக்கொள்ளும். டெய்லரிடம் சொல்லி, நனைத்துச் சுருக்கிய பருத்தி லைனிங் போட்டு, அக்குளில் கழற்றித் துவைக்கிற மாதிரி இரண்டு அடுக்குத் துண்டு ஒன்று வைக்கச் சொல்கிறேன். உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கவும் சொல்வேன். போட்டுக் கழற்றியதும் உள்பக்கம் வெளியே வர நிழலில் ஆறவிட வேண்டும். வியர்வையோடு மடித்துப் பீரோவில் வைத்தாலோ, துவைக்காமல் இஸ்திரி போட்டாலோ கறை அங்கேயே குடியேறிவிடும். என்சைம் இருக்கும் சலவைத் தூள் பட்டுக்கு வேண்டாம். கறையின் புரதத்தைத் தின்கிற என்சைம் பட்டையும் தின்னும்.

ஏற்கெனவே மஞ்சளான வெள்ளைப் பருத்திக்கு: மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும், சிட்ரிக் அமிலம்தான். ஒரு மக் பச்சைத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கரைத்து அந்த இடத்தை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அலுமினியம் நூலை விட்டு இளகும். நன்றாக அலசிய பிறகுதான் சலவைத் தூள். கடைசியில் ஆக்சிஜன் ப்ளீச் போடலாம். குளோரின் ப்ளீச் வேண்டவே வேண்டாம். வியர்வைக் கறையை அது இன்னும் மஞ்சளாக்கும். அதைவிட முக்கியம், அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள். விறைத்துப்போன பழைய கறை முழுசாகப் போகாது. என் சந்தன ப்ளவுஸில் விறைப்பு போய்விட்டது, நிறம் கொஞ்சம் நிற்கிறது.

வீட்டு ஆண்களின் வெள்ளைச் சட்டைக்கும் இதேதான். அவர்களுக்குக் கூடுதல் வசதி, கை வைத்த பனியன். முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். கை இல்லாத பனியன் போட்டுக்கொண்டு சட்டை மஞ்சளாகிறது என்று புலம்பினால் நான் என்ன செய்ய முடியும்?