கன்ட்ரோலரையே சார்ஜரா ஓட்டுறது பத்தி

ஈவி (எலக்ட்ரிக் வண்டி) மோட்டார் கன்ட்ரோலர் வேலைக்கு புதுசா வர்ற பசங்க கண்டிப்பா கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, மோட்டாருக்கு கரண்ட் கொடுக்குற இவ்ளோ பெரிய பவர் ஸ்டேஜ் வண்டி நிக்கும்போது சும்மாதானே இருக்கு, இதையே சார்ஜரா ஓட்டினா என்ன சார்னு. எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. பிரேக் பிடிக்கும்போது ரீஜென்ல (மோட்டாரே ஜெனரேட்டரா மாறுறப்போ) அது பண்றதே சார்ஜிங்தான், கீழ் ஸ்விட்ச் ஆன் ஆனா வைண்டிங்ல கரண்ட் ஏறும், ஆஃப் ஆனதும் அதே கரண்ட் மேல இருக்கிற டையோடு வழியா பேட்டரிக்கு போயிடும், வோல்டேஜை ஏத்துற பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு வேண்டிய காயில், ஸ்விட்ச், கரண்ட் சென்சார் எல்லாமே உள்ளயே ரெடியா இருக்கு. ஏசி லைனை ரெக்டிஃபை பண்ணி (டிசி ஆக்கி) மோட்டார் நியூட்ரல்ல, அதாவது மூணு வைண்டிங்கும் சேர்ற புள்ளியில கொடுத்தா கரண்ட் மூணு ஃபேஸ்லயும் சமமா பிரியும், சக்கரத்தை தள்ளுற அளவுக்கு டார்க் வராது.

ஆனா பூஸ்ட்னா பேட்டரி பேக் வோல்டேஜ் எப்பவும் லைன் பீக்குக்கு மேல இருக்கணும், நான் முதல்ல பாக்குறது இதைத்தான். 230 வோல்ட் லைனோட பீக் 325. 96 செல் சீரிஸ்ல போட்ட பேக்ல ஒவ்வொரு செல்லும் சுமாரா 3.4 வோல்ட்டுக்கு கீழ இறங்கினாலே பேக் அந்த 325க்கு அடியில போயிடும், அப்போ எல்லா ஸ்விட்சையும் ஆஃப் பண்ணி வச்சாலும் டையோடு வழியா கரண்ட் அது பாட்டுக்கு பாயும், சாஃப்ட்வேரால தடுக்கவே முடியாது, பேக்கை துண்டிக்கிற பெரிய ரிலே, அதாவது கன்டாக்டர் பிரிஞ்சாதான் உண்டு. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்லுன்னா நாமினலே 3.2 தான், அதே 96 செல்லுக்கு இந்த ஐடியாவே செட் ஆகாது. ரெனோ ஸோயிங்கிற எலக்ட்ரிக் கார்ல மோட்டார் வைண்டிங்கை வச்சே 43 கிலோவாட் வரைக்கும் ஏசி சார்ஜிங் கொடுத்தாங்க, ஆனா 400 வோல்ட் த்ரீ ஃபேஸை ரெக்டிஃபை பண்ணா பீக் 565 கிட்ட வருமே, அதனால முன்னாடி வோல்டேஜை இறக்குற ஸ்டேஜும் வச்சிருந்தாங்க.

அதை விட எனக்கு கவலை ஐசொலேஷன்தான், அதாவது லைனுக்கும் பேக்குக்கும் நேரடி இணைப்பு இல்லாம பிரிச்சு வைக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் நடுவுல இல்லன்னா பேக் நேரா லைனோட சேர்ந்துடுது, வைண்டிங்குக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவுல இருக்கிற கெப்பாசிட்டன்ஸ் வழியா ஸ்விட்சிங் கரண்ட் எர்த்துக்கு கசியும், எர்த் கசிவை பாத்து லைனை கட் பண்ற 30 மில்லி ஆம்ப் பிரேக்கர் ட்ரிப் ஆகும். அப்போ சிலர் பிரேக்கரை பைபாஸ் பண்ணிட்டு டெஸ்ட்டை தொடர்வாங்க, அதை மட்டும் நான் யாரையும் பண்ண விடமாட்டேன், ஏன்னா அந்த நேரத்துல எர்த் வயர் எங்கயாவது லூஸ் ஆயிருந்தா வண்டி பாடியை தொடுறவன் உடம்பு வழியாத்தான் அந்த கரண்ட் போகும். பெஞ்ச்ல டிரையல் பாக்கணும்னா ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சு கம்மி வோல்டேஜ்ல ஆரம்பிக்கச் சொல்லுவேன், வண்டியில மாட்டி வெளிய கொடுக்குறதுன்னா தனி ஐசொலேட்டட் சார்ஜர்தான் கேப்பேன், அதுக்கு எடையும் செலவும் கூடினாலும் சரி.