ஆவா பாலத்தின் ஒரு கண்: மூங்கிலும் நூலும்

பர்மாவின் சகாயிங்கில் ஐராவதி ஆற்றைக் கடந்து நின்ற ஆவா பாலத்துக்கு 16 கண்கள். இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிதான் ஒரு கண். 1934இல் கட்டிய பாலம். அத்தனையும் செய்ய மாந்தளையில் எங்கள் வீட்டில் இடமில்லை. ஒரு கண்ணை மட்டும் கை நீளத்துக்கு மூங்கில் சிம்பில் செய்திருக்கிறேன்.

மேல் விட்டம், கீழ் விட்டம், நிலைக்கால்கள் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. "தோல் பக்கம் வெளியே இருக்கட்டும் மாப்பிள்ளை, இழுப்பைத் தாங்குவது அதுதான்" என்று பட்டறை மாமா சொன்னபடியே சிம்புகளைச் சீவினேன்.

சாய்வுச் சட்டங்களுக்கு மட்டும் மூங்கிலுக்குப் பதில் நூல் கட்டினேன். நூலுக்கு இழுப்பு மட்டுமே தெரியும், அமுக்கினால் தொய்ந்துவிடும். ஒரு வீசை அரிசிப் பையை நடுவில் தொங்கவிட்டதும், நடுவை நோக்கி இறங்கும் நூல்கள் எல்லாம் விறைத்தன. விரலால் சுண்டினால் ஒலித்தன. எல்லா நூல்களிலும் ஏறக்குறைய ஒரே சுருதி. பையை ஒரு பக்கமாக நகர்த்தினேன். பைக்கும் நடுவுக்கும் இடையில் இருந்த நூல் தொய்ந்தது, இரு நிலைக்கால்களுக்கு இடைப்பட்ட அந்தக் கட்டம் கோணிக்கொண்டது. எதிர்த்திசையில் இன்னொரு நூல் கட்டியதும் நிமிர்ந்தது. பழைய ரயில் பாலங்கள் பலவற்றில் நடுக்கட்டங்களில் மட்டும் சட்டங்கள் குறுக்கும் மறுக்குமாக இருப்பதன் காரணம் இதுதான். ரயில் நகரும் பாரமல்லவா! இதைக் கண்ணால் பார்த்த மகிழ்ச்சியில் அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அடுத்தது தூண். கண்ணின் ஒரு முனையைச் செங்கல்லில் பொருத்தினேன். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் மறுமுனைக்கு இடம் விட வேண்டும். அதை உருளை மேல் வைத்தேன். இப்படி ஒவ்வொரு கண்ணும் தன் இரு தூண்களை மட்டும் நம்பி நிற்கும் அமைப்பில் ஒரு நன்மை உண்டு. 1942 ஏப்ரல் 30 இரவு, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை நடுக்கண்களை வெடி வைத்துத் தகர்த்தபோது மற்றவை நின்றன. 1954இல் பாலத்தைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள். 1990களின் பிற்பகுதி வரை ஐராவதிக்கு இது ஒன்றே பாலம்.

பிறகு மேசையைப் பக்கவாட்டில் குலுக்கினேன். நூல் ஒன்றும் அறவில்லை, மூங்கில் பிளக்கவில்லை. உருளை முனை செங்கல்லை விட்டு நழுவி முழுக் கண்ணும் சாய்ந்தது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவு நிலநடுக்கத்துக்குப் பின் வந்த படங்களில், ஒரு முனை தூணிலும் மறுமுனை ஆற்றிலுமாகக் கிடந்த கண்களைப் பார்த்திருக்கிறேன். மேசை மேல் அதே கிடப்பைக் கண்டதும் கை ஓடவில்லை. தாத்தா கால்நடையாக இந்தியா போனது இந்தப் பாலத்தைத் தாண்டித்தான்.

இப்போது இரு முனைகளையும் கட்டுக்கம்பியால் செங்கல்லோடு பிணைத்திருக்கிறேன், உருளை அசையும் அளவுக்குத் தளர்வு விட்டு. அதே குலுக்கலுக்குக் கண் விழவில்லை. ஆனால் செங்கல் ஆடுகிறது. அடுத்து அகன்ற அடிப்பீடத்தோடு தூணைச் சிமெண்டில் வார்க்க வேண்டும்.