இறுகும் தசை: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 5, 2024, திங்கள்

காலை முழுக்க கிரையோஸ்டாட் (உறைந்த திசுவைச் சீவும் கருவி) முன்னால்தான். ஒரு வயது நிரம்பிய எம்டிஎக்ஸ் வகைச் சுண்டெலியின் உதரவிதானத்தை (மூச்சுவிட உதவும் தசை) 10 மைக்ரான் தடிமனில் சீவி, சிரியஸ் ரெட் சாயம் ஏற்றினேன். இந்த எலிக்கு, தசை இழை கிழியாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் கிடையாது. டுஷேன் தசைச்சிதைவு உள்ள பையன்களுக்கு இல்லாததும் அதுதான். ஆனால் எலியின் கால் தசை சிதையச் சிதைய ஓரளவு வளர்ந்துகொள்கிறது. உதரவிதானத்தால் அது முடியவில்லை. மஞ்சள் இழைகளுக்கு நடுவே சிவப்பாக கொலாஜன், அதாவது தழும்பின் நார்ப்புரதம். வரப்பு பெருத்து வயலையே விழுங்கியதுபோல் இருக்கிறது. 26 வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் மனசு கனக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

பிளேடு மழுங்கிப்போய் பாதி ஸ்லைடுகள் கிழிந்துவிட்டன. நாளை மறுபடியும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

டுஷேன் பிள்ளைகளின் குடும்பங்கள் கூடிய இடத்துக்குப் போயிருந்தேன். ஒரு அம்மா, மகன் கெண்டைக்கால் பருத்திருந்ததைப் பார்த்து சொந்தக்காரர்கள் "பையன் நல்லா திரண்டிருக்கான்" என்று சொன்னதை நினைவுகூர்ந்தார். அந்தப் பருமனில் தசை குறைவு, கொழுப்பும் தழும்பும் அதிகம் என்பது அவருக்கு இப்போது தெரியும். தினமும் ராத்திரி பாதத்தைப் பிடித்து மெல்ல மடக்கி விடுகிறார். "முன்னாடி வளையும் மேடம். இப்ப பலகை மாதிரி இருக்கு" என்றார். நான் கருவி வைத்து அளக்கும் இறுக்கத்தை அவர் கையாலேயே அறிந்திருக்கிறார்.

பிப்ரவரி 16, வெள்ளி

புது மாணவியோடு நீண்ட பேச்சு. தசை இழைகளுக்கு இடையில் இருக்கும் ஃபாப் செல்களை (கொழுப்பாகவோ நார் உண்டாக்கும் செல்லாகவோ மாறக்கூடியவை) பற்றி 2010இல்தான் வான்கூவரிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஒரே சமயத்தில் கட்டுரைகள் வந்தன. அதற்கு முன் என் கவனமெல்லாம் இழைமேல்தான். காயம் பட்டால் இந்தச் செல்கள் பெருகி, மறுவளர்ச்சிக்கு உதவி, சில நாளில் பெரும்பாலும் மடிந்துவிடும். மடியச் சொல்வது, மேக்ரோபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதம். காயம் ஓயாத தசையில் டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் ஓங்கிவிடுகிறது. செல்கள் சாகாமல் தங்கி கொலாஜனைக் கொட்டுகின்றன.

"அப்ப இந்தச் செல்களை பிளாஸ்டிக் தட்டுல வளர்த்துப் பார்த்தா போதுமா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. நலமான தசையின் இறுக்கம் சுமார் 12 கிலோபாஸ்கல் (இறுக்கத்தை அளக்கும் அலகு). பிளாஸ்டிக் தட்டு அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல். டிஜிஎஃப்-பீட்டா எதுவும் சேர்க்காவிட்டாலும் அந்தத் தரையில் செல் தழும்பு போடும் செல்லாக மாற ஆரம்பித்துவிடும். முனைவர் பட்டத்தின்போது இது புரியாமல் நான் இரண்டு வருஷத் தரவைக் கைவிட நேர்ந்தது. அவளுக்கு அந்த இரண்டு வருஷம் மிஞ்ச வேண்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஃபாப் செல்களை ஜெல்மேல் வளர்த்த தட்டுகளைப் பார்த்தோம். மென்மையான ஜெல்லில் தொடக்கத்திலிருந்தே இருந்த செல்களில் ஆக்டின் கற்றைகள் (தழும்பு போடும் செல்லாக மாறுவதைக் காட்டும் புரத இழைகள்) மிகக் குறைவு. இரண்டு வாரம் பிளாஸ்டிக்கில் இருந்துவிட்டு ஜெல்லுக்கு வந்தவை நான்கு நாள் ஆகியும் கற்றைகளை விடவில்லை. இறுகிய இடத்தை அவை மறக்கவில்லை என்று தோன்றுகிறது. ஒரே எலியின் செல்கள்தான், அதனால் அந்த அம்மாவிடம் சொல்லும் நேரம் வரவில்லை. இன்னும் மூன்று எலிகளிலாவது இதே வர வேண்டும். அப்புறம், பிளாஸ்டிக்கில் இரண்டு வாரத்துக்குப் பதில் மூன்றே நாள் வைத்தால் பழைய நிலைக்குத் திரும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாணவி நாளைக்கே ஜெல் ஊற்றுகிறாள்.