கிராஞ்சித் தூணில் ஒரு பெயர், தேக்காவில் ஓர் உண்டியல்

என் பெரிய தாத்தா, அதாவது தாத்தாவின் அண்ணன், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து மலாயாவுக்குக் கப்பலேறினார். அவர் கிளம்பியபோது அவருடைய மகள் கைக்குழந்தை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பிறகு ஊருக்கு வந்தது, 'காணவில்லை' என்ற ஒரு கடிதம் மட்டும்தான். போர் முடிந்து இன்னொரு கடிதம் வரும்வரை பெரிய பாட்டி பொட்டை அழிக்கவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் அவரைத் தேடினேன். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டார். பெயர், படை எண், தகப்பனார் பெயர், எங்கள் கிராமம், கடைசியில் ஒரு தூண் எண். நான் தினமும் ரயிலில் கடந்து போகும் கிராஞ்சியில், அங்குள்ள போர் நினைவிடத்தில்தான் அவர் பெயர் இருந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படித்தான் நிதி திரட்டும் எண்ணம் வந்தது. ராயல் காமன்வெல்த் முன்னாள் படைவீரர் கழகம் என்று ஓர் அமைப்பு 1921 முதல் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ்ப் பணியாற்றி, இன்று வறுமையில் இருக்கும் முதியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்காவது வழி செய்வது அதன் வேலை. பெரிய பாட்டிக்கு அப்படி ஒரு கை நீண்டிருந்தால் அவர் அறுபது வயதில் களை பறிக்கப் போயிருக்க மாட்டார். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். நவம்பரில் கிராஞ்சியில், போரில் மடிந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நினைவு ஞாயிறு வருகிறது, அதற்கு முன் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தை வாசலில் உண்டியலோடு நிற்போம் என்று பேசி முடித்தோம்.

அப்படியெல்லாம் நின்றுவிட முடியாது. பொது இடத்தில் மக்களிடம் பணம் கேட்கக் காவல்துறையின் உரிமம் வேண்டும். பணம் வெளிநாட்டு அறப்பணிக்குப் போவதென்றால் அறநிறுவனங்கள் ஆணையாளரின் அனுமதி தனி. எங்களை உட்கார வைத்தது இன்னொரு விதி. வெளிநாட்டுக்கென்று பொதுமக்களிடம் திரட்டும் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே பயன்பட வேண்டும். தெரிந்தவர்களிடம் மட்டும் தனிப்பட்ட முறையில் கேட்பதென்றால் அந்த விகிதத்திலிருந்து விலக்குப் பெறலாம்.

இது தெரியாமல் நாங்கள் எழுதிய முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. நியாயம்தான். யாரிடம் கேட்கப் போகிறோம், எவ்வளவு எங்கே போகும் என்று அதில் எதுவுமே தெளிவாக இல்லை.

காப்பிக் கடையில் மூன்று மாலை இதே பேச்சு. விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். எங்களோடு இருந்த பெரியவர் ஒருவர் சிங்கப்பூர் ராணுவத்தில் வாரண்ட் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "1967லிருந்து இங்கே வீட்டுக்கு வீடு பிள்ளைகளைத் தேசிய சேவைக்கு அனுப்புகிறார்கள். பயிற்சியில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள் தம்பி. அவர்களுக்குப் போனால் மட்டும் அது வேறு பணமா?"

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வேலையை இரண்டாகப் பிரித்தோம். தேக்காவில், ஏற்கெனவே உரிமம் வைத்திருந்த உள்ளூர் அறநிறுவனம் ஒன்றின் தொண்டர்களாக, அவர்களுடைய முத்திரையிட்ட உண்டியலோடு நின்றோம். ஊரில் இருக்கும் விதவைகளுக்கான தொகையை, அனுமதி வாங்கிக்கொண்டு, உறவினர்களிடமும் நண்பர்களிடமும் மட்டும் கேட்டோம். இதில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, பணம் எங்கே போகிறது என்பதை முதல் நாளே தாளில் எழுதி வையுங்கள். செலவு, திரட்டும் தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இங்கே அறநிறுவனங்களுக்கான வரம்பு. அதைப் படித்ததும் டி-சட்டை அச்சடிக்கும் யோசனையைக் கைவிட்டோம்.

உறவினர் நண்பர்களிடம் கேட்பதுதான் கடினமாக இருந்தது. நண்பர் ஒருவரின் தாயார், வயதானவர், என் தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டே கேட்டார்: "எங்கள் அப்பா நேதாஜி படை. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை 1942 பிப்ரவரி 17 அன்று ஜப்பானியர்கள் ஃபேரர் பார்க் திடலில் திரட்டியதை அவர் தம் அப்பா வாயால் கேட்டவர். நாற்பதாயிரம் பேருக்கு மேல் நின்ற திடல் அது. அங்கிருந்து ஒரு சாரார் இந்தியத் தேசிய ராணுவத்துக்குப் போனார்கள், ஒரு சாரார் கைதிகளாகவே இருந்தார்கள், அவர்களில் பலர் மடிந்தார்கள். இரண்டு பக்கமும் நம் ஊர்ப் பையன்கள். நான் வாதாடவில்லை. பதிவேட்டில் பெரிய தாத்தாவின் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிராமத்தின் பெயரை விரலால் தொட்டார். அவருடைய அம்மா பிறந்த ஊர் அங்கிருந்து நான்கு கல் தொலைவாம். உள்ளே போய் ஐம்பது வெள்ளி கொண்டுவந்தார். "அந்தப் பெண்களுக்குச் சாப்பாடு என்று எழுதிக்கொள்" என்றார்.

அந்த ஐம்பதையும் சேர்த்து அந்தக் கணக்கில் 3,140 வெள்ளி வந்தது. உண்டியல் பணத்தை அறநிறுவனத்தார் இருவர் முன்னிலையில் முத்திரை உடைத்து எண்ணினார்கள், ரசீது கொடுத்தார்கள். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, விடிவதற்கு முன்பே கிளம்பிக் கிராஞ்சிக்குப் போனோம். புல்லில் ஈரம். 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் சரிவில் வரிசை வரிசையாக ஏறுகின்றன. மேலே, உடல் கிடைக்காத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்களைத் தாங்கிய தூண்கள். நினைவு நாளுக்கான சிவப்புப் பாப்பிப் பூவைச் சட்டையில் குத்தியவர்கள் மலர்வளையம் வைத்தார்கள். கொம்பு ஊதி முடிந்து இரண்டு நிமிட மௌனம். கூட்டம் கலைந்த பிறகு தூணைத் தேடினேன். படைப்பிரிவு வாரியாகப் பெயர்கள். என் தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் இருந்தார். கை எட்டவில்லை. பெரியவர் தம் குடையை நீட்டி, அதன் நுனியால் அந்த வரியைக் காட்டினார்.

அங்கிருந்தே ஊருக்குக் காணொளி அழைப்பு போட்டேன். பெரிய தாத்தாவின் மகள், என் அத்தை, எண்பதைத் தாண்டியவர். அவர் முதலில் கேட்டது இதுதான்: "அப்பாவை எரித்தார்களா, புதைத்தார்களா?"

தூண்களுக்குப் பின்னால், தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. பெரும்பாலும் இந்தியப் படையினர். அதில் அவர் பெயர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரியவில்லை அத்தை, இந்தத் தூணில் இருப்பவர்களுக்கெல்லாம் உடல் கிடைக்கவில்லை என்றேன். அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இங்கிலீஷ் தனக்குப் படிக்கத் தெரியாது, எழுத்தெழுத்தாகச் சொல் என்றார். நான் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் பேத்தியின் நோட்டில் பென்சிலால் ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தார்.