லேசர் செய்முறைத் தேர்வு: அடுத்த பேட்சுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ் பிடித்து வந்து லேசர் என்கிரேவிங் படித்தது வீண் போகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தியரிக்கு நோட்ஸே போதும். ஆளைத் தூக்கிவிடுவதும் கவிழ்ப்பதும் செய்முறைதான். அதிலும் டெஸ்ட் கிரிட் ஒன்றுதான் என்பேன், அதாவது பவரையும் ஸ்பீடையும் மாற்றி மாற்றிச் சின்னக் கட்டங்களாக எரித்துப் பார்ப்பது.

பயிற்சி முழுக்க எங்களுக்கு ஒரே கடைப் பிளைவுட். தேர்வன்று மேசையில் இருந்ததோ வேறு சரக்கு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நோட்டில் இருந்த பவரையும் ஸ்பீடையும் அப்படியே போட்டவர்களுக்கு எழுத்து கருகி, ஓரமெல்லாம் புகைக்கறை. இரண்டுமே 3 மி.மீ. பிளைவுட்தான். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தகடான வெனீரும் உள்ளே இருக்கும் பசையும் மாறினால் எல்லாம் மாறும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் ஏறிய பலகை, காய்ந்த பலகை மாதிரி எரியாது.

அதனால் கொடுத்த பலகையிலேயே, கழிந்து போகப்போகிற ஓரத்தில், முதலில் கிரிட் போடுங்கள். வேறு துண்டில் போட்டால் பிரயோஜனம் இல்லை. 5 மி.மீ. கட்டங்கள் போதும். மேலிருந்து கீழே ஸ்பீடு நொடிக்கு 200, 300, 400 மி.மீ. இடமிருந்து வலமாகப் பவர் 10, 15, 20, 25 சதவீதம். எங்கள் மெஷின் கார்பன் டை ஆக்சைடு குழாய் போட்டது. உங்களுடையது வேறு என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

போட்டதும் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எனக்கு 300க்கு 15 கட்டம் நல்ல டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. விரலால் தேய்த்தேன், கரி ஒட்டவில்லை. பக்கத்து 20இல் விரல் கறுத்தது. 25இல் வெனீர் போய்ப் பசையே தெரிந்தது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? 300, 15.

கிரிட்டுக்கு முன்னால் ஃபோகஸ். பலகையின் ஒரு பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துச் சாய்த்து, ஒரே ஒரு கோடு ஓட்டுங்கள். கோடு எந்த இடத்தில் மிக மெல்லியதாக விழுகிறதோ அந்த உயரம்தான் சரி. ஃபோகஸ் தப்பினால் கிரிட்டையும் நம்ப முடியாது.

அப்புறம் சில:

- லைன் இடைவெளி 0.1 மி.மீ.யில் தொடங்குங்கள். அது 254 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 254 கோடு. இடைவெளியை மாற்றினால் கிரிட்டையும் திரும்பப் போட வேண்டும்.
- பவர், ஸ்பீடு இரண்டையும் பாதியாக்கினால் அதே பதிவு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பவர் ரொம்பக் குறைந்தால் குழாய் சீராக எரியாது.
- அச்சில் ஊற்றிச் செய்த காஸ்ட் அக்ரிலிக்கில் எழுத்து வெள்ளையாக எழும். பிதுக்கி எடுத்த எக்ஸ்ட்ரூடடில் எடுப்பாக வராது.
- பிவிசியை மெஷினுக்குள் விடவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். ரெக்சின் பெரும்பாலும் பிவிசி பூச்சுதான். புதுச்சேரியில் தோல் பர்ஸ், பெல்ட் வேலை நிறைய வரும், தோல் என்று சொல்லி ரெக்சினை நீட்டுவார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு கையில் வாங்குங்கள்.
- வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டது: டயோடு லேசர் ஏன் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கை வெட்டாது? அதன் 450 நானோமீட்டர் நீல ஒளி உள்ளே புகுந்து அப்படியே வெளியே போய்விடும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டரை அக்ரிலிக் உறிஞ்சிக்கொள்ளும்.

எனக்கு நிதானம்தான் வரும், வேகம் வராது. வேகமாகச் செய்கிறவர்களுக்கு முதலில் கிரிட்டுக்குப் போகும் நேரம் உறுத்தும். பரவாயில்லை, போகட்டும். பலகை பாழானால் இன்னொன்று கேட்க முடியாது.

கிரிட் துண்டை வெட்டித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எண்களைப் பேனாவால் எழுதி, முடித்த வேலையோடு சேர்த்தே கொடுங்கள். என் வைவாவில் பாதிக் கேள்வி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தது.