பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

கிதார் ஒலியைப் பெருக்கும் அந்த வால்வு ஆம்ப் நியூ ஜெர்சி வீட்டுக்கு வந்த அன்று இரவே உதட்டில் சுரீர் என்றது. கை கிதார் கம்பிகளின் மேல் இருந்தது, வாய் மைக்கில் பட்டது, அவ்வளவுதான். தரையில் ஈரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

1960களில் செய்த ஆம்ப் அது. இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைப்பதற்காக மின்கம்பியிலிருந்து சேசிஸுக்கு, அதாவது உள்ளேயிருக்கும் உலோகச் சட்டத்துக்கு, ஒரு சிறிய கெபாசிட்டரை வைத்திருந்தார்கள். வயதாகி அது ஷார்ட் ஆனால் 120 வோல்ட் சேசிஸில் ஏறி, கிதார் கேபிளின் வழியாகக் கம்பிகளுக்கு வந்துவிடும். மெக்கானிக்குகள் அதைச் 'சாவுக் கெபாசிட்டர்' என்றே சொல்கிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கி இருபது நிமிடம் கழித்துத்தான் சேசிஸைத் திறந்தேன். மின்னூட்டத்தைத் தேக்கி மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் மீட்டரை வைத்தால் 310 வோல்ட்! வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் போவதை நிறுத்தும் ஸ்டாண்ட்பை சுவிட்சை அணைத்துவிட்டுப் பவரை நிறுத்தியிருந்தேன். மின்னூட்டம் வடிய வழியில்லாமல் அப்படியே தேங்கி நின்றிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யவே கூடாது, தீப்பொறி பறக்கும். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையைச் சேசிஸில் கவ்விவிட்டு மறுமுனையைக் கெபாசிட்டரில் வைத்தேன். 200, 90, 30 என்று எண்கள் இறங்கின. 2 வோல்ட் காட்டிய பிறகும் இன்னொரு முறை அளந்தேன்.

அந்த நேரம் முழுவதும் இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அப்பா வால்வு ரேடியோவைத் திறக்கும்போதெல்லாம் அப்படித்தான் நிற்பார். இரண்டு கையும் உள்ளே போனால், ஷாக் ஒரு கையில் ஏறி நெஞ்சைக் கடந்து மறு கையில் இறங்கும் என்பார்.

கெபாசிட்டரை வெட்டி எறிந்தேன். மூன்று பின் பிளக் வந்தது: பச்சைக் கம்பிக்குச் சேசிஸில் தனி போல்ட், கறுப்புக் கம்பி முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு. பழைய ஒயரை மாற்றினால் மதிப்புக் குறையும் என்று சேகரிப்பாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அசல் ஒயர் மேசை இழுப்பறையில் சுருட்டிக் கிடக்கிறது, ஆசைப்படுகிறவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் கெபாசிட்டர்களில் இரண்டின் முனை உப்பி, பழுப்பாகக் கசிந்திருக்கிறது. புதியவை வரும்வரை ஆம்பை இயக்கப்போவதில்லை. பிறகும் ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்கமாட்டேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டால் அதே காலத்து இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.