பதினான்காவது வாரத்துக் குழந்தைகள்

வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் புள்ளிவிவர வேலைக்கு எக்செல் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எக்செல் சீக்கிரமே பழகிவிடும். ஓர் எண் எந்த ஊரில், யாருடைய பதிவேட்டிலிருந்து கிளம்பி வருகிறது என்று புரியத்தான் நாளாகும்.

ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி, குழந்தை பிறந்த 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. முதல் தவணை போட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு மூன்றாவது தவணை பதிவாகவில்லை என்று மாதாமாதம் கணக்கிடுவோம். சில துணை சுகாதார நிலையங்களில் இந்த விகிதம் எப்போதும் கூடுதலாகவே இருந்தது. ஆய்வுக் கூட்டத்தில் கேள்வியெல்லாம் செவிலியர்களிடம்தான் போகும். ஒரு கிராம சுகாதார செவிலியர் அக்கா தன் பதிவேட்டைப் பிரித்துக் காட்டிச் சொன்னார்: "பாதிக்கு மேல தலைப்பிரசவம் சார். மூணு மாசம் முடிஞ்சதும் புள்ளையத் தூக்கிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போயிடுவாங்க."

அந்த ஒரு வாக்கியம் மென்பொருள் பயிற்சியில் கிடைக்காதது. 14 வாரம் என்பது மூன்று மாதம் தாண்டிய நேரம். முதல் இரண்டு தவணை தாய்வீட்டில், மூன்றாவது புகுந்த வீட்டில். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில், பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் கணக்கு 100 சதவீதத்தைத் தாண்டுவதும் இதே மாதிரிதான்: ஊசி போடுவது பிறந்த இடத்தில், இலக்கு நிர்ணயிப்பது அந்த ஊர் மக்கள்தொகையை வைத்து.

சரி, அப்படியானால் எல்லாக் குழந்தைகளும் வேறு ஊரில் போட்டுக்கொண்டார்களா? கர்ப்பத்தைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியில் தாய்க்குக் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். அடையாள எண்ணை வைத்துத் தேடினோம், அந்தந்த ஊர்ச் செவிலியர்களுக்கு போன் செய்தோம். பெரும்பாலானோர் போட்டிருந்தார்கள். சிலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இங்கே இருக்கும் செவிலியர் அங்கே போட்டிருப்பார்கள் என்றும், அங்கே இருக்கும் செவிலியர் இங்கே போட்டிருப்பார்கள் என்றும் நம்பியிருந்தார்கள். கக்குவான், தொண்டை அடைப்பான் போன்ற நோய்களுக்கு எதிரான பாதுகாப்பு பாதியில் நின்றுபோன குழந்தைகள் இவர்கள். சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் இவர்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

இப்போது அறிக்கையில் 'போடவில்லை', 'வேறிடத்தில் போட்டது', 'தகவல் இல்லை' என்று தனித்தனியாக எழுதுகிறேன். காலியாக விட்ட கட்டத்தை 0 என்று நிரப்ப யாரையும் விடுவதில்லை. தகவல் இல்லாத குழந்தைகளின் பட்டியல் மாதக் கடைசிக்குக் காத்திருக்காது. புதன்கிழமை தடுப்பூசி நாளுக்கு முன்பே இரண்டு ஊர்ச் செவிலியர்களின் கைக்கும் போய்விடும்.